குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய்: மரபணுப் பரிசோதனை எடுப்பதா வேண்டாமா? வடசென்னைப் பெண்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அம்மாவுக்கோ அக்காவுக்கோ அத்தைக்கோ மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், வீட்டில் இருக்கும் மற்றப் பெண்கள் மனதில் ஒரே கேள்விதான் ஓடும்: அடுத்து நானா? அதை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் ஒரே தெருவில் நாலைந்து வீடு சொந்தக்காரர்களாக இருப்பார்கள். ஒரு வீட்டில் பேசினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்றால் பேச்சே எழாது.

நான் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவின் அக்காவுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே இந்த நோய் வந்தது. பல வருடம் கழித்து, எனக்கும் பிஆர்சிஏ2 என்ற மரபணுவில், இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. எனக்கு இதுவரை நோய் வரவில்லை. கண்காணிப்பில் இருக்கிறேன். இந்த வழியில் ரத்தம் கொடுப்பது முதல் வேலை இல்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் நேராக லேபுக்குப் போனால் காசும் செலவாகும், கையில் வரும் அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்கவும் முடியாது.

படிக்க ஆரம்பிக்கும் முன் ஒன்று. மார்பிலோ அக்குளிலோ இப்போதே கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளே இழுத்துக்கொண்டாலோ, இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். நாளைக் காலையில் ஸ்டான்லி மருத்துவமனை ஓபிக்குப் போய்க் காட்டுங்கள். மரபணுப் பரிசோதனை உங்களுக்குக் கட்டி இருக்கிறதா என்று சொல்லாது.

படி 1: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

மூன்று தலைமுறைக்கு எழுத வேண்டும்: தாத்தா பாட்டிகள், அவர்களின் பிள்ளைகள், உங்கள் தலைமுறை. அம்மா பக்கம் ஒரு பக்கத்தில், அப்பா பக்கம் இன்னொரு பக்கத்தில். பெரும்பாலோர் அம்மா பக்கத்தை மட்டும் யோசித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பெண்களுக்கு வரும் நோய், அதனால் பெண் வழியாகத்தான் வரும் என்ற நினைப்பு. அது தவறு. மாற்றம் உள்ள மரபணு அப்பாவிடமிருந்தும் அதே அளவு வாய்ப்போடு வரும். எங்கள் வீட்டில் வந்தது அப்படித்தான். டாக்டர் "குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்கும்போது அத்தையை, அப்பாவைப் பெற்ற பாட்டியை, பெரியப்பா சித்தப்பா மகள்களைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டியவை: எந்த உறுப்பில் புற்றுநோய், எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், ஒரு மார்பிலா இரண்டிலுமா, எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், இப்போது இருக்கிறார்களா. இறந்த வயது எல்லோருக்கும் நினைவிருக்கும். நோய் கண்ட வயதுதான் முக்கியம், அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். "பெரிய பையன் அப்ப ஸ்கூல் போய்ட்டானா?" என்று கேட்டால் வயது தானாக வந்துவிடும். ஆண்களையும் விடாதீர்கள். கணையம், புராஸ்டேட் இரண்டும் இந்தக் கணக்கில் வரும். ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அது மிகப் பெரிய தடயம்.

கடினமான இடம், பழைய மரணங்கள். அந்தக் காலத்தில் யாரும் ஓவரி கேன்சர் என்று பெயர் சொல்லிச் செத்ததில்லை. "வயித்துல நீர் கோத்துக்கிச்சு", "வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தா", "வயித்துல கட்டி" என்றுதான் நினைவு இருக்கும். சினைப்பைப் புற்றுநோய் முற்றும்போது வயிற்றில் நீர் சேரும். எனவே ஐம்பது வயதுவாக்கில் வயிறு வீங்கி இறந்த ஒரு பாட்டி குடும்பத்தில் இருந்தால் அதை ஒரு கேள்விக்குறியோடு எழுதி வையுங்கள். ஈரல் கெட்டாலும் காசநோய் வந்தாலும் வயிற்றில் நீர் சேரும் என்பதால் அதை உறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதேபோல் "கர்ப்பப்பைல கட்டி" என்பார்கள். அது கருப்பையா, கருப்பை வாயா, சினைப்பையா என்று பிரித்துக் கேட்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸ் தொற்றால் வருவது, இந்தக் கணக்கில் சேராது. சினைப்பை கட்டாயம் சேரும்.

பேப்பர்களைத் தேடுங்கள். பீரோவுக்கு மேலே, டிரங்குப் பெட்டிக்குள், மஞ்சப்பையில் சுற்றி வைத்த ஃபைல் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். பயாப்ஸி (சதைத் துண்டை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, கட்டியின் வகையைச் சொல்லும் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று பெயர் எழுதிய அறிக்கை ஆகியவை முக்கியம். இந்த மூன்றுமே நெகட்டிவ் என்றால் அதை டிரிபிள் நெகட்டிவ் என்பார்கள், பிஆர்சிஏ1 என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் உள்ளவர்களிடம் அந்த வகை அதிகம். பெரியவர்கள் ஒன்றுகூடும் காரியம், வளைகாப்பு போன்ற நாட்கள் பேச நல்ல சமயம். ஓரமாக உட்கார்ந்து, ஒரு பாட்டியிடம் பொறுமையாகக் கேட்டால் பத்து ஃபைலில் இல்லாதது கிடைக்கும்.

படி 2: நோட்டைப் படிப்பது

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டிய குடும்பம் என்று எடுத்துக்கொள்ளலாம்:

– ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய்
– எந்த வயதிலும் டிரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய்
– எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய்
– ஆணுக்கு மார்பகப் புற்றுநோய்
– ஒருவருக்கே இரண்டு மார்பிலும், அல்லது மார்பிலும் சினைப்பையிலும்
– ஒரே பக்க உறவில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல்
– குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே மரபணு மாற்றம் உறுதியானது

நோட்டில் ஒன்றுமே தெரியாத குடும்பங்களும் உண்டு. ஆண்களே பிறந்த கிளை, சின்ன வயதில் கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்கள், விபத்தில் இளமையில் போனவர்கள் என்று இருந்தால் தடயம் மறைந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரே ஒரு பெண்ணுக்கு முப்பத்தைந்தில் நோய் வந்தாலும் போதும், ஆலோசனைக்குப் போகலாம்.

நம் ஊரில் இதைப் பேசினால் உடனே வரும் பதில்: "எண்ணூர் புகையும் மணலி கெமிக்கலும் சுவாசிச்சா கேன்சர் வராம என்ன பண்ணும்?" அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் அது உண்டு. சுத்தமான காற்றுக்காகத் தனியாகப் போராட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திவிட்டால், வியாசர்பாடியில் ஒரு அக்காவுக்கும் கல்யாணமாகி மதுரைக்குப் போன தங்கைக்கும் நாற்பதுக்குள் ஒரே நோய் ஏன் வந்தது என்று கேட்காமலே போய்விடுவோம். இன்னொரு பக்கம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அது பரம்பரை மாற்றத்தால் வருகிறது. எழுபது வயதில் ஒரு பாட்டிக்கு மட்டும் வந்திருந்தால் பேத்திகள் அதிகம் பயப்படத் தேவையில்லை.

படி 3: மரபணு என்ன செய்கிறது

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் எல்லோர் உடம்பிலும், ஆண் பெண் இருவரிலும் இருப்பவை. செல்லுக்குள் டிஎன்ஏ அறுந்தால் அதைப் பழுதுபார்ப்பது இவற்றின் வேலை. 1990இல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குடும்பங்களில் தொடரும் மார்பகப் புற்றுநோய்க்கும் 17ஆம் குரோமோசோமுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். 1994இல் பிஆர்சிஏ1, அடுத்த ஆண்டு 13ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ2 அடையாளம் காணப்பட்டன. பால்பி2, சிஹெச்இகே2, ஏடிஎம், டிபி53 என்று வேறு சில மரபணுக்களும் உண்டு.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் கெடுதலான மாற்றம் இருந்தால் அது ஒவ்வொரு பிள்ளைக்கும் போக சரிபாதி வாய்ப்பு. மூத்தவளுக்குப் போய்விட்டது, இளையவள் தப்பித்தாள் என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். முகச்சாயல் வைத்துச் சொல்வதும் கூடாது. "நீ அத்த மாதிரியே இருக்க, உனக்குத்தான் வரும்" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. மூக்கும் நிறமும் அத்தையிடமிருந்து வந்ததால் இந்த மரபணுவும் வந்திருக்கும் என்று பொருள் இல்லை.

எண்கள்: 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 69 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு 44, 17 சதவீதம். நம் நாட்டில் சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய முப்பதில் ஒன்று. வித்தியாசம் பெரியதுதான். ஆனால் 72 என்பதற்குள், நூற்றில் 28 பேருக்கு 80 வயது வரை வராது என்பதும் அடங்கியிருக்கிறது. மாற்றம் இருப்பதும் நோய் இருப்பதும் வேறு வேறு.

படி 4: யாருக்கு முதலில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நோய் வந்தவருக்குத்தான் முதலில் பரிசோதனை செய்ய வேண்டும். நோய் வராத உங்களுக்கு முதலில் செய்து, ஒன்றும் இல்லை என்று வந்தால், அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். குடும்பத்தில் மாற்றம் இருந்து உங்களுக்கு வராமல் இருக்கலாம். அல்லது குடும்ப நோய்க்குக் காரணம் இந்தப் பரிசோதனையில் சிக்காத வேறொன்றாக இருக்கலாம். இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் வந்த அத்தையிடம் மாற்றம் கண்டுபிடித்துவிட்டால், மற்ற எல்லோருக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் தேடினால் போதும். செலவும் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும்.

நோய் வந்தவரை ஒப்புக்கொள்ள வைப்பது சுலபம் இல்லை. ஊசி, கீமோ எல்லாம் பார்த்து அலுத்தவர்கள். எங்கள் அத்தை சொன்னார்: "எனக்குத்தான் எல்லாம் முடிஞ்சிதே, இன்னும் எதுக்குக் கண்ணு ரத்தம்?"

"உன் பொண்ணுங்களுக்கு அத்த. எனக்கும் தங்கச்சிக்கும் தெரிஞ்சிக்கணும் இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப என்னாலதான் உங்களுக்கெல்லாம்னு எழுதி வந்துடுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பாரத்தைப் புரிந்துகொண்டு பேசுங்கள். யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அவருக்கும் அது யாரிடமிருந்தோ வந்தது.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: இது அவருக்கும் பயன்படும். இன்னொரு மார்பிலும் சினைப்பையிலும் அவருக்கு இருக்கும் ஆபத்து தெரியவரும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் சிலருக்கு, பிஆர்சிஏ மாற்றம் இருப்பது தெரிந்தால் ஓலாபாரிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகள் தரலாமா என்று டாக்டர் யோசிக்க முடியும். நோய் வந்தவர் உயிரோடு இல்லை என்றால், ஆஸ்பத்திரியில் அவருடைய பயாப்ஸி சதையைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு இருக்கிறதா, அதில் பரிசோதிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் நோய் வராத, நெருங்கிய உறவில் இருக்கும் ஒருவருக்கு, பதில் முழுமையாக இருக்காது என்று தெரிந்துகொண்டே செய்ய வேண்டியதுதான்.

படி 5: எங்கே போவது, எவ்வளவு ஆகும்

கட்டி, ஸ்கேன், மேமோகிராம், பயாப்ஸி போன்றவற்றுக்கு ஸ்டான்லியும், சென்ட்ரல் பக்கத்தில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் நமக்கு அருகில் இருப்பவை. முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

மரபணு ஆலோசனைக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை முதலில் சொல்வேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கியது அது. பரம்பரைப் புற்றுநோய்க் குடும்பங்களை நெடுங்காலமாகப் பார்த்துவரும் இடம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள் விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டி வரை போகலாம். அங்கிருந்து சர்தார் பட்டேல் சாலைக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ. பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் மரபணு ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

போகும்போது நோட்டையும் ஃபைலையும் எடுத்துப் போங்கள். கூட ஒருவர் வரட்டும், சொன்னதில் பாதி அப்போது மண்டையில் ஏறாது. ஆலோசகரிடம் கேட்க வேண்டியவை: எந்தெந்த மரபணுக்களைப் பார்க்கிறீர்கள்? எழுத்துப்பிழை அளவு சின்ன மாற்றத்தோடு, மரபணுவின் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தாலும் பிடிபடுமா? ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் இந்த ஆய்வகத்துக்கு இருக்கிறதா? அறிக்கை வந்த பிறகு உட்கார்ந்து விளக்குவது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத இடத்தில் ரத்தம் கொடுக்காதீர்கள். வாட்ஸ்ஆப்பில் பிடிஎஃப் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு அதைத் திறந்து பார்த்துவிட்டு விடிய விடிய அழுதாள். அதில் இருந்தது அர்த்தம் உறுதியாகாத ஒரு மாற்றம் மட்டுமே.

பரிசோதனை சாதாரண ரத்தம்தான், சில மில்லி போதும். முடிவுக்குச் சுமாராக மூன்று நான்கு வாரம் ஆகும். பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும், ஆய்வகத்துக்கு ஆய்வகம் விலை மாறும். குடும்பத்தில் தெரிந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடுவது அதைவிட நன்றாகக் குறைவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். அட்டை வைத்திருப்பவர்கள் எந்தெந்தச் சோதனை, எந்தெந்த அறுவை சிகிச்சை அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

தனியார் காப்பீடு பற்றி: 2018இல் டில்லி உயர் நீதிமன்றம், மரபணு நோய் என்று பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுக்கும் விதி பாகுபாடானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அந்தக் காரணம் காட்டி கிளெய்ம்களை நிராகரிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இருந்தாலும், பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால் பரிசோதனைக்கு முன்பே எடுத்துவிடுவது நிம்மதி. விண்ணப்பத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டால் உண்மையை எழுதுங்கள், மறைத்தால் பின்னால் அதுவே காரணமாகும்.

படி 6: ரத்தம் கொடுக்கும் முன் உங்களை நீங்களே கேட்க வேண்டியவை

ஆம் என்று வந்தால் அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்வேன்? இல்லை என்று வந்தால் எதை நிறுத்துவேன்? யாரிடம் முதலில் சொல்வேன்? மூன்றுக்கும் ஓரளவு பதில் இருந்தால் நீங்கள் தயார். இப்போது பரீட்சை, பிரசவம், வீட்டில் ஒரு சாவு என்று இருந்தால் தள்ளிப்போடலாம். நோய் வராதவருக்கு இது அவசர வேலை கிடையாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு பிஆர்சிஏ பரிசோதனை செய்யக் கூடாது. அந்த வயதில் தெரிந்து செய்ய ஒன்றும் இல்லை, முடிவெடுக்கும் உரிமையும் அவர்களுடையது.

கல்யாணப் பேச்சுதான் நம் வீடுகளில் பெரிய முட்டுக்கட்டை. "கட்டிக்கொடுத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் அம்மா. ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது என்றால் அதில் பெரிய நஷ்டம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தீவிரக் கண்காணிப்பே இருபத்தைந்துவாக்கில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் முப்பதைத் தாண்டியும் அதையே சொல்லித் தள்ளிப்போடுவதை நான் ஏற்க மாட்டேன். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. நிச்சயத்துக்கு முன் இருவரும் தனியாகப் பேசிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. தரகரிடமோ சம்பந்தி வீட்டுக் கூட்டத்திலோ அது போக வேண்டிய தேவை இல்லை.

சொந்தத்தில் கல்யாணம் பேசும் வீடுகள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள், ஒரே மாற்றம் இருவரிடமும் இருக்கலாம். இருவரிடமும் பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியுமே கெட்டதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்போது ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான நோய் குழந்தைப் பருவத்திலேயே வரலாம். எலும்பு மஜ்ஜை வேலை செய்யாமல் போகும், சின்ன வயதிலேயே புற்றுநோயும் வரலாம். எங்கள் வீட்டில் தங்கையை அத்தை மகனுக்குக் கொடுக்கும் பேச்சு இருந்தது. பரிசோதனையில் தங்கைக்கு மாற்றம் இல்லை என்று வந்ததால் அந்தப் பயம் இல்லாமல் போனது.

படி 7: முடிவைப் படிப்பது

நோய் உண்டாக்கும் மாற்றம் இருக்கிறது என்றால் அறிக்கையில் பேத்தோஜெனிக் அல்லது லைக்லி பேத்தோஜெனிக் என்று இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள்.

குடும்பத்தில் உறுதியான மாற்றம் உங்களிடம் இல்லை என்றால், உங்கள் ஆபத்து பெரும்பாலும் மற்றப் பெண்களுக்கு இருக்கும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் அது உங்கள் வழியாகப் போகாது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், ஆனாலும் தங்கை அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தனக்கு மட்டும் இல்லை என்ற குற்ற உணர்ச்சி பலருக்கு வருகிறது, அதற்கும் ஆலோசகரிடம் பேசலாம்.

மூன்றாவது வகைதான் குழப்பம்: வியூஎஸ், அதாவது மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலா சாதாரணமா என்று இன்னும் உறுதியாகவில்லை. உலகத் தரவுகளில் இந்தியர்களின் மரபணு குறைவாக இருப்பதால் நமக்கு இந்தப் பதில் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. இதை வைத்து எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது. நாள் போகப் போகப் பெரும்பாலானவை சாதாரணம் என்றே மாறுகின்றன. அதுவரை குடும்ப வரலாறு சொல்லும் அளவுக்குக் கண்காணிப்பு போதும்.

படி 8: மாற்றம் இருந்தால்

கண்காணிப்பு. இருபத்தைந்து வயதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் பார்ப்பது, வருடம் ஒருமுறை மார்பக எம்ஆர்ஐ. முப்பதிலிருந்து வருடத்துக்கு ஒரு மேமோகிராமும் சேரும். இரண்டையும் ஆறு மாத இடைவெளியில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். எம்ஆர்ஐயை மாதவிலக்கு ஆரம்பித்த ஏழாவது நாளுக்குப் பிறகு, பதினைந்துக்குள் எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். நோய் இல்லாத இடத்தைச் சந்தேகப்பட்டுப் பயாப்ஸிக்குச் சொல்வதும் எம்ஆர்ஐயில் நடக்கும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பயாப்ஸி எடுத்தால் நோய் பரவும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வது உண்மை இல்லை. கண்காணிப்பு நோயைத் தடுக்காது, சீக்கிரம் கண்டுபிடிக்க மட்டுமே உதவும்.

சினைப்பை. நான் டாக்டரிடம் அதிக நேரம் பேசியது இதைத்தான். மார்புக்கு இருப்பது போல் சினைப்பைக்கு நம்பகமான கண்காணிப்பு இல்லை. சிஏ125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சீக்கிரம் பிடிப்பதில்லை. எனவே குழந்தை பெற்று முடித்த பிறகு, பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45க்குள், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறையும். ஆனால் மாதவிலக்கு ஒரே நாளில் நின்றுபோகும். உடம்பு கொதிப்பது, தூக்கம் கெடுவது, எலும்பு தேய்வது, தாம்பத்தியத்தில் வறட்சி எல்லாம் வரும். மார்பகப் புற்றுநோய் வராதவர்களுக்குக் கொஞ்ச காலம் ஹார்மோன் மாத்திரை தரலாமா என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் வாயால் கேட்க வையுங்கள்.

மார்பை எடுப்பது. இரண்டு மார்பையும் முன்கூட்டியே எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறையும். 2013இல் ஏஞ்சலினா ஜோலி இதைச் செய்துகொண்டதை வெளிப்படையாக எழுதிய பிறகு உலகம் முழுக்க இது பேச்சானது. இது கட்டாயம் கிடையாது. ஒழுங்காகக் கண்காணிப்பில் இருப்பதும் முழுமையான ஒரு வழிதான், நான் தேர்ந்தெடுத்ததும் அதுதான். எடுக்க முடிவு செய்தால், மார்பை மறுபடி அமைப்பது, உணர்ச்சி குறைவது, பால் கொடுக்க முடியாதது எல்லாவற்றையும் பேசிவிட்டு முடிவெடுங்கள். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்க டமாக்ஸிபென் மாத்திரையும் சிலருக்கு ஒரு வழி.

ஆண்கள். மாற்றம் உள்ள அப்பாவும் அண்ணன் தம்பியும் மார்பில் கட்டி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிஆர்சிஏ2 என்றால் நாற்பது வயதிலிருந்து புராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். "எங்கிட்டருந்தா வந்துச்சு?" என்று அப்பா கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்பாக்களையும் ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.

படி 9: சொந்தத்துக்குச் சொல்வது

அறிக்கையில் உள்ள மாற்றத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே தேவை, அது இருந்தால்தான் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் தேட முடியும். உங்கள் பெயரை மறைத்து, மாற்றம் தெரியும் பக்கத்தின் நகலும், "உங்களுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு, விருப்பம் இருந்தால் ஆலோசனைக்குப் போங்கள்" என்ற ஒரு வரியும் சேர்த்துக் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். ஒவ்வொருவராக, நேரில் அல்லது போனில் சொல்லுங்கள். சித்தப்பா மகள் ஒருத்தி "எனக்குத் தெரியவே வேணாம்க்கா" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். சொல்வது நம் கடமை, எடுப்பது அவள் இஷ்டம்.

படி 10: பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தால்

அதுவும் முறையான முடிவுதான். ஆனால் மறந்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. குடும்ப வரலாற்றை மட்டும் வைத்தே டாக்டர் கண்காணிப்பைத் தீர்மானிக்க முடியும். வீட்டில் மிக இளமையில் நோய் கண்டவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்பே ஆரம்பிப்பது பொதுவான வழக்கம். அக்காவுக்கு நாற்பத்திரண்டில் என்றால் உங்களுக்கு முப்பத்திரண்டில். ஒவ்வொரு மாதமும் மாதவிலக்கு முடிந்த சில நாளில் உங்கள் மார்பு எப்படி இருக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள், புதிதாக ஏதாவது மாறினால் அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். நடப்பது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, பால் கொடுப்பது, மது தவிர்ப்பது எல்லாம் உதவும், ஆனால் மரபணு மாற்றத்தை இவை ஈடுகட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். யாராவது கஷாயம் கொடுத்து மரபணுவையே சரிசெய்வதாகச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

முடிவு எதுவானாலும் அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய சமயங்கள் உண்டு: குடும்பத்தில் புதிதாக ஒருவருக்குப் புற்றுநோய் வரும்போது, குழந்தைக்குத் திட்டமிடும்போது, முப்பத்தைந்தைத் தொடும்போது, வியூஎஸ் என்று வந்த அறிக்கைக்கு ஓரிரு வருடம் ஆகும்போது. ஆலோசனை நடந்த இடத்துக்கு நோட்டோடு போய், வகை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். போன் நம்பர் மாற்றினால் அங்கேயும் மாற்றிக் கொடுங்கள், ஆய்வகத்திலிருந்து திருத்தம் வந்தால் பழைய நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள்.